அவனா, அதுவா

காரைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டேன். நேற்றைய காற்றில் மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கிறது, இனி நடைதான். நடப்பதில் எனக்கு வருத்தமில்லை. யாருக்காக நடக்கிறேன் என்பதுதான் தெரியவில்லை. கூப்பிட்டது மதாம் சொலான்ஜ், காட்டுக்கு அந்தப் பக்கம் ஆற்றோரப் பண்ணைவீட்டில் இருக்கிற கிழவி, அதில் சந்தேகம் கிடையாது. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. பிரான்ஸின் இந்த மோர்வான் மலைப்பக்கத்தில் ஃபோனில் பாதி குரல் வரும், பாதி இரைச்சல் வரும். மோன் பேர் என்றாள். சாமியாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், என் தந்தையே என்று அர்த்தம். வந்த புதிதில் என் பேரைக் கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து ததேயு, ததேயு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மோன் பேர், இன்றைக்கே வாருங்கள், என்னுடைய ஷ்...ன் நாளைக்குப் போய்விடும் என்றாள். என்னுடைய என்ன? ஷேன் என்றால் கருவாலி மரம், இந்தக் காடு முழுக்க நிற்கிற இதே மரம். ஷியான் என்றால் நாய். ழான் என்றால் ஒரு மனிதனின் பெயர், நம் ஊர் அருளப்பன். மன்னிக்கணும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். இன்னொரு தடவையும் சொன்னாள், அதே இரைச்சலோடு. மறுபடி கேட்க வெட்கமாகிவிட்டது, வருகிறேன் என்று வைத்துவிட்டேன். இப்போது 'போய்விடும்' என்று நான் நினைத்துக்கொண்டேனே, அதுவே தப்பு. அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னது 'இல்'. பிரெஞ்சில் அந்த ஒரு 'இல்'லுக்குள் அவனும் அடக்கம், அவரும் அடக்கம், அதுவும் அடக்கம். தமிழில் ஒரு கிழவி போகிறான் என்றாலோ போகிறது என்றாலோ வினைச்சொல்லின் வாலைப் பிடித்தே மனிதனா மரமா என்று கண்டுபிடித்துவிடலாம். இந்த மொழியில் வால் இல்லை. மனிதனும் நாயும் மரமும் ஒரே மாதிரிதான் போகிறார்கள், போகின்றன, பார், எனக்கே எந்த வாலை ஒட்டுவது என்று தெரியவில்லை.

கருவாலி என்ற சொல்லை நான் குருமடத்தில்தான் முதலில் பார்த்தேன். எந்தத் தமிழனும் அதை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. வேதாகமத்தில் அந்த மரம் வருகிற இடங்களை எத்தனையோ பூசையில் வாசித்திருக்கிறேன், வாசிக்கும்போதெல்லாம் என் மனதில் நின்றது எங்கள் கோயிலுக்குப் பின்னாலிருந்த புன்னை. கடற்கரைக்காரனுக்கு வேறு என்ன மரம் தெரியும், புன்னை, தென்னை, காற்றாடி, முடிந்தது. இங்கே வந்து நிஜக் கருவாலியைப் பார்த்தபோது சின்ன ஏமாற்றம்கூட வந்தது. இலை கையகலம்கூட இல்லை, ஓரமெல்லாம் யாரோ கடித்துத் துப்பின மாதிரி. ஆனால் பட்டையில் கை வைத்தால் விஷயம் வேறு. கை வைக்கிறேன் இப்போது. கரையில் வருஷக்கணக்கில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் அடிப்பலகை இப்படித்தான் இருக்கும், அதே சொரசொரப்பு, ஆனால் உப்பு வாசனை இல்லை, ஈரக் காளான் வாசனை. டொக் என்று தோளில் ஏதோ விழுகிறது. கொட்டை. தலையில் குட்டித் தொப்பி போட்ட மாதிரி ஒரு கொட்டை, தொப்பி தனியாகக் கழன்று வருகிறது, திரும்ப வைத்தால் பொருந்துகிறது, வேறொரு கொட்டையின் தொப்பியை எடுத்து வைத்தால் பொருந்தவில்லை. இதை ஏன் சோதித்துப் பார்க்கிறேன், அங்கே ஒரு கிழவி காத்திருக்கிறாள். ஐப்பசிக் காற்று, இங்கே அதற்கு வேறு பெயர், மேலே உச்சியில் ஓடும்போது கண்ணை மூடினால் கடல்தான். முதல் நாள் இரைச்சலைக் கேட்டு எங்கே கடல், எந்தப் பக்கம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கிளம்புகிற அன்றைக்கு அம்மா கேட்டாள், "அங்க கடலு உண்டா மக்ளே?" இல்லை அம்மா, மலையும் காடும்தான் என்றேன். "கடலு இல்லாத ஊருல மனுசனுக்கு தெச எப்படித் தெரியும்?" சிரித்துவிட்டு வந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. எங்கள் குளச்சல் பக்கத்தில் கண்ணைக் கட்டி விட்டாலும் இரைச்சல் வருகிற பக்கம் கடல் என்று சொல்லிவிடலாம். இங்கே இரைச்சல் தலைக்கு மேலிருந்து வருகிறது, நாலு பக்கத்திலிருந்தும் வருகிறது. பாதை எங்கே போயிற்று? இலைக்கு அடியில் இருக்கிறது. பாதைதானா இது, பன்றி போன தடமா?

ஆற்றைப் பிடித்துக்கொண்டு நடங்கள் என்று ஃபிரான்ஸ்வாஸ் சொல்லியிருக்கிறாள். கோயில் சாவி அவளிடம்தான் இருக்கும், ஊர்க்கதையும் அவளிடம்தான். அதோ ஆறு. ஆறு என்கிறார்கள், எட்டி ஒரு தாவு தாவினால் அக்கரை. பழுப்பு நிறத் தண்ணீர், பால் விடாத கட்டன்சாயா மாதிரி. விழுந்த இலையெல்லாம் ஊறி ஊறி அந்த நிறம் வந்திருக்க வேண்டும். ஒன்று இப்போதுதான் உறைக்கிறது, எனக்கு ஆறு முடிகிற இடம் மட்டும்தான் தெரியும். எங்கள் ஊரில் ஆறு என்றால் பொழி, மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழுகிற வாய். மழைக்காலத்தில் பொழி வெட்ட எல்லோரும் மண்வெட்டியோடு போவோம், நானும் போயிருக்கிறேன். அந்தத் தண்ணீர் எங்கே புறப்பட்டது என்று ஒருநாளாவது யோசித்தேனா? மேலே மலையில் ஒருத்தன் இப்படித் தாவித் தாண்டியிருப்பானே. இங்கே எல்லா ஆறும் இப்போதுதான் பிறந்த மாதிரி இருக்கிறது, பாறைக்கு அடியிலிருந்து கசிகிறது, பேர்கூட இல்லாமல் ஓடுகிறது, கொஞ்சம் தள்ளி யாரோ பேர் வைக்கிறார்கள். இந்தச் சுண்டைக்காய் ஆற்றில்தான் முந்தைய காலத்தில் விறகைத் தள்ளிவிட்டுப் பாரிஸ் பட்டணத்துக்கே அனுப்பினார்களாம். கட்டைகள் முட்டி மோதிக்கொண்டு பெரிய ஆறு சேர்ந்து, அதற்கும் பெரிய ஆறு சேர்ந்து, பாரிஸில் அடுப்பெரிந்ததாம். ஃபிரான்ஸ்வாஸ் இன்னொன்றும் சொன்னாள், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. விறகு மட்டும் போகவில்லை, தாய்ப்பாலும் போயிற்றாம். இந்த மலைப் பெண்கள் பிள்ளை பெற்ற கையோடு அதை வீட்டில் விட்டுவிட்டு, பாரிஸில் பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போவார்கள். அதே வழியில் எதிர்ப்பக்கமாக அந்தப் பட்டணத்து அநாதைப் பிள்ளைகள் இங்கே வரும், அரசாங்கமே அனுப்பும், பண்ணைகளில் வளரும். அம்மா ஒரு பக்கம் போக, பிள்ளை ஒரு பக்கம் வர. இந்த மலை எதையோ அனுப்பிக்கொண்டும் எதையோ வாங்கிக்கொண்டும் இருந்திருக்கிறது. இப்போது என்னை வாங்கியிருக்கிறது. வாங்கி என்ன செய்தது? வந்ததிலிருந்து நான் செய்ததெல்லாம் அடக்கம். அடக்கப் பூசை, கல்லறை, ஈர மண். கோயில் நிறைய ஆள் வருகிற ஒரே நாள் ஒருத்தர் பெட்டிக்குள் வருகிற நாள். உயிரோடு இருக்கிற ஒருத்தி வீட்டுக்கு வா என்று கூப்பிட்டது இன்றைக்குத்தான் முதல் தடவை. அதனால்தான் மறுபடி கேட்காமல் வைத்தேனோ. எது போனால் என்ன, கூப்பிட்டாளே.

டமார். துப்பாக்கி. தூரத்தில்தான், ஆனால் காட்டில் தூரம் எங்கே தெரிகிறது. கால் தானாக நின்றுவிட்டது. வேட்டைக்காலம். ஆரஞ்சுச் சட்டையைக் காரிலேயே விட்டுவிட்டேன், மடையன். ஃபிரான்ஸ்வாஸ் அதைக் கையில் கொடுக்கும்போது சொன்னாள், போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்களைக் காட்டுப்பன்றி என்று நினைத்துவிடுவார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தையா? என் நிறத்துக்கான வார்த்தையா? பிறகு வெள்ளையான தபால்காரனிடமும் அதையே சொல்வதைக் கேட்டேன், சிரிப்புகூட அதேதான். அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் முழுசாகப் போகவில்லை, முள்ளை எடுத்த பிறகும் எடுத்த இடம் குத்துமே, அப்படி. இதோ கறுப்பு அங்கி, கறுப்பு முகம், பழுப்புக் காடு, அந்தப் பக்கம் ஒருத்தன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறான். அவனா, அதுவா? அவனுக்கு யோசிக்க எவ்வளவு நேரம் இருக்கும்? சத்தம் போட வேண்டும், பன்றி பேசாது. என்ன பேசுவது? வாய் தானாக ஜெபமாலையைத் தொடங்குகிறது, தமிழில், உரக்க, எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்கிற இழுவையோடு. அருள் நிறைந்த மரியே என்கிறேன், ஒரு காக்கை எழுந்து பறக்கிறது. இந்த மரங்கள் பிறந்ததிலிருந்து தமிழைக் கேட்டிருக்காது. நடையும் ஜெபமும் ஒரே தாளத்தில் விழுந்ததும் பயம் கொஞ்சம் இறங்குகிறது, சிரிப்புகூட வருகிறது. தன்னைப் பன்றி இல்லை என்று நிரூபிக்க மாதாவைக் கூப்பிடுகிற சாமியார். அடுத்த வெடி கேட்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

சரி, ழான் என்றே வைத்துக்கொள்வோம். சட்டைப்பைக்குள் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெய்ச் சிமிழ் இருக்கிறது, தொட்டுப் பார்த்தாயிற்று. மதாம் சொலான்ஜோடு ஒரு கிழவர் உண்டு, ஒரு அடக்கத்தில் கதவோரமாக நின்றார், உயரமாக, தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு. அண்ணன் என்றாள் ஃபிரான்ஸ்வாஸ். கல்யாணம் கட்டாத அண்ணனும் தங்கையும், அந்த வீட்டில் வேறு யாருமில்லை. பேர் சொன்னாளா? நினைவில்லை. இந்த ஊரில் பாதிக் கிழவர்கள் ழான். அவர் போகிறார் என்றால் நான் இப்படிக் கொட்டைக்குத் தொப்பி வைத்துப் பார்த்துக்கொண்டு நடக்கலாமா, ஓட வேண்டாமா. ஓடுகிறேன். கொஞ்ச தூரம். இலை வழுக்குகிறது. ஒருவேளை நாயாக இருந்தால்? வயசான நாய், நாளைக்கு டாக்டர் ஊசி போட வருகிறார், அதற்கு முன்னால் ஒரு ஜெபம். நாய்க்கு ஜெபம் சொன்னேன் என்றால் எங்கள் ஆயர் என்ன சொல்வார்? ஆனால் அப்பாவின் புது வள்ளத்தை மந்திரிக்க அன்றைய பங்குச்சாமி வரவில்லையா, வலைக்கும் எஞ்சினுக்கும்கூடத் தீர்த்தம் தெளித்தாரே. எஞ்சினுக்கு உண்டென்றால் நாய்க்கு ஏன் இல்லை? மரத்துக்கு ஏன் இல்லை? வாசலில் நிற்கிற மரத்தை நாளைக்கு வெட்ட வருகிறார்கள் என்றால், அது அவள் பிறந்தபோதும் நின்ற மரம் என்றால், அவள் யாரைக் கூப்பிடுவாள். நான் மரம் என்றே ஆசைப்படுகிறேன் என்று தெரிகிறது. மரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நாயாக. மனிதன் வேண்டாம். இன்னொரு பெட்டி வேண்டாம். ஆசைப்பட்டால் என்ன ஆகும், அங்கே ஏற்கெனவே அதுதான், அவர்தான், யாரோ. நான் போய்ச் சேரும்வரை மூன்றும் உயிரோடு இருக்கின்றன, இருக்கிறார்கள்.

காடு சட்டென்று முடிந்துவிட்டது. வீடு, ஓட்டுக் கூரை, புகை. வாசலில் பெரிய கருவாலி ஒன்று நிற்கிறது, பச்சையும் மஞ்சளுமாக, ஒரு கோடரித் தடம்கூட இல்லாமல். நாய் குரைக்கவில்லை. நாயே இல்லை, கோழிகள்தான். அப்படியானால். கை சிமிழுக்குப் போயிற்று. மதாம் சொலான்ஜ் கதவைத் திறந்துகொண்டு நின்றாள், சின்ன உருவம், சலவை மடிப்புக் கலையாத மேலங்கி, தலைமுடியை நனைத்துச் சீவியிருந்தாள். நடந்தா வந்தீர்கள் என்று கேட்டு என் சப்பாத்தைப் பார்த்தாள். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் அந்த உயரமான கிழவர் உட்கார்ந்து செஸ்ட்நட் கொட்டைகளைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தார். அவர் சாகிற ஆள் மாதிரி இல்லை. கதவுக்குப் பின்னால் ஒரு பெட்டி, பழைய தோல் பெட்டி, பெல்ட் போட்டுக் கட்டி நிறுத்தியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. போகிறார் என்றால் போகிறார்தான், வேறு ஒன்றுமில்லை. காப்பியை வைத்துக்கொண்டு அவளே சொன்னாள். ழான் இந்த வருஷம் அடிக்கடி விழுகிறார், விழுந்தால் தூக்க அவளுக்கு வலு இல்லை, பட்டணத்து முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது, நாளைக் காலையில் வண்டி வரும். அண்ணனைப் பிரிவது கஷ்டம்தான் என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அண்ணன் இல்லை என்றாள்.

ழான் பாரிஸிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளில் ஒருவர். கழுத்தில் ஒரு பித்தளை வில்லையோடு அவளுடைய அம்மாவிடம் வந்து சேர்ந்தார், அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஒரே மேசை, ஒரே பள்ளிக்கூடம், ஆகவே ஊருக்கு அண்ணன் தங்கை. வயசு வந்தபோது ழான் அவளுடைய அப்பாவிடம் பெண் கேட்டார். அப்பா சத்தம் போடவில்லை, ஊர் என்ன சொல்லும் என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அப்பா போனார், அம்மா போனாள், இவர்கள் இரண்டு பேரும் மாடு பார்த்தார்கள், மரம் வெட்டினார்கள், இரண்டு அறைகளில் படுத்தார்கள். இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, ழானையும் பார்க்கவில்லை, மேசைத் துணியின் ஒரு பூவை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "அங்கே போனதும் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று இவனைக் கேட்பார்கள், மோன் பேர். யாருமில்லை என்று சொல்லுவான். அப்படிச் சொல்லிக்கொண்டு இவன் போகக் கூடாது. இன்றைக்கே எங்களுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள்."

கல்யாணம். என் பிரெஞ்சு மறுபடி என்னைக் கைவிட்டதா என்று பார்த்தேன், இல்லை, சரியாகத்தான் கேட்டது. வாய்க்கு முன்னால் சட்டம் வந்து நின்றது. இந்த நாட்டில் முதலில் மேயர் முன்னால் கல்யாணம், அப்புறம்தான் கோயில், அது தெரியாத சாமியார் கிடையாது. மேயரிடம் போனீர்களா என்றேன். போனேன், அறிவிப்பு ஒட்ட வேண்டும், அது சில நாள் தொங்க வேண்டும், காகிதம் வேண்டும் என்கிறான், வண்டி நாளைக்கு வருகிறது என்றாள். நம் ஊரிலும் அதேதான், கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்காமல் யாருக்கும் தாலி ஏறாது. எத்தனை ஓலை வாசித்திருக்கிறேன், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கவும் என்று. இவர்களுக்கு ஆட்சேபணை சொன்னவர் கல்லறையில் இருக்கிறார். இந்த அடுப்படியில் சும்மா ஒரு ஆசீர் கொடுத்துவிட்டு இதுதான் கல்யாணம் என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். அது இல்லை என்று தெரிந்தேதான் அவள் வாங்கிக்கொள்வாள், அது இன்னும் மோசம். முடியாது என்று சொல்லிவிட்டு அதே காட்டு வழியாகத் திரும்பி நடக்கிறதை நினைத்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றிற்று, இந்த நேரம் முழுக்க இவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லையே. கத்தி நின்றிருந்தது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள், மிஸ்யே ழான் என்றேன். அவர் கத்தியைத் துடைத்து மடக்கினார். அவசரமே இல்லை அவருக்கு.

"நான் ஒரு தடவை கேட்டாயிற்று" என்றார். "அவளுடைய அப்பாவிடம் கேட்டேன், அதுதான் தப்பு. அவளைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது அவள் என்னைக் கேட்காமல் உங்களைக் கேட்கிறாள். நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள், மோன் பேர்."

வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, ஒட்டுக் கேட்கக் கூடாது என்று நகர்ந்தேன், நகர்ந்தவன் இரண்டடியில் நின்றுவிட்டேன், எனக்கு அவ்வளவு ஆசை. என்ன கேட்பாள், எப்படிக் கேட்பாள், அத்தனை வருஷம் உப்பை எடு, கதவைச் சாத்து என்று பேசின வாய் அந்த வார்த்தையை எங்கிருந்து எடுக்கும்? நான் எத்தனை கல்யாணம் செய்து வைத்திருக்கிறேன், ஒருத்தர் இன்னொருத்தரைக் கேட்கிறதை நேரில் பார்த்ததே இல்லை, எல்லோரும் கேட்டு முடித்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். ஒரு கோழி என் சப்பாத்துக் கயிற்றைக் கொத்திற்று. தூறல் விழுந்தது. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மாதிரி ஒன்று, பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம், பிறகு அவளுடைய சிரிப்பு, சின்னதாக, இருமல் மாதிரி. கதவு திறந்தது. ழான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், காது சிவந்திருந்தது.

"அறிவிப்பு எவ்வளவு நாள் தொங்க வேண்டுமோ அவ்வளவு நாள் தொங்கட்டும்" என்றார். "நான் நாளைக்குப் போகவில்லை."

இடம் போய்விடுமே என்றேன். போனால் போகட்டும், இன்னொரு கிழவன் செத்தால் இன்னொரு இடம் வரும் என்றார். விழுந்தால் யார் தூக்குவது? விழாமல் இருக்கப் பார்க்கிறேன் என்றார், அதற்குள் அவள் பின்னாலிருந்து, விழுந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், யாராவது வருகிறவரை என்றாள். அவர் பெட்டியைக் காட்டினார். மாடியில் என் அறையில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், பெட்டியோடு என்னால் படி ஏற முடியாது என்றார். அவர் அறை என்றதும் அவள் அடுப்பைக் கிளறினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, மாடி எதற்கு, இங்கே கீழே என் அறையில் வையுங்கள் என்றாள். ழான் கத்தியை மறுபடி விரித்தார், செஸ்ட்நட் ஒன்றை எடுத்துக் கீறினார். நான் பெட்டியைத் தூக்கினேன். கனமே இல்லை. ஒரு முழு ஆயுசுக்கு இவ்வளவுதானா என்று அதைக் கையில் ஆட்டிப் பார்க்கத் தோன்றிற்று, ஆட்டவில்லை. அவளுடைய அறைக் கதவு சாத்தியிருந்தது. எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றேன், பிறகு முழங்கையால் மெல்லத் தள்ளினேன், திறந்தது. கட்டிலில் இரண்டு தலையணை போட்டிருந்தது.